பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களை டிவிடி, ப்ளூரேயில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1950களிலிருந்து 1990கள் வரை வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களைத் தட்டுகளாக வாங்கிச் சேர்க்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலோர் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். விலை குறைவாக ஒரு பெட்டி கண்ணில் படும், வாங்கிவிடுவார்கள். அப்புறம்தான் அது தங்கள் பிளேயரில் ஓடுமா, எல்லா எபிசோடும் இருக்கிறதா, பாட்டை மாற்றியிருக்கிறார்களா என்ற கேள்விகள் வரும். இந்த வழிகாட்டியில் வாங்குவது ஆறாவது படி. முதல் ஐந்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், புதுப் பிளேயர் தேவைப்பட்டால் தவிர காசும் செலவாகாது.

1. ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் சின்னதாக

பத்துத் தொடர்களின் முதல் சீசனை மட்டும் வாங்கிக் குவிப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. பல தொடர்களுக்கு இரண்டு மூன்று சீசன் வெளியிட்டதும், விற்பனை போதவில்லை என்று நிறுவனங்கள் நிறுத்திவிட்டிருக்கின்றன. மீதி எந்த வடிவிலும் வந்திருக்காது. ஆகவே வாங்கும் முன்பே கடைசி எபிசோடு வரை தட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னத் தொடர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே 12 எபிசோடு. ‘த பிரிசனர்’ 17. ‘எஸ் மினிஸ்டர்’, ‘எஸ் பிரைம் மினிஸ்டர்’ இரண்டையும் சேர்த்தாலும் 38தான். இவற்றில் ஒன்றை எடுத்து, கீழே வரும் படிகளை எல்லாம் ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்துவிட்டால், 79 எபிசோடு உள்ள பழைய ‘ஸ்டார் ட்ரெக்’கோ 156 உள்ள ‘த ட்விலைட் ஜோன்’னோ வாங்கும்போது கை நடுங்காது.

2. எபிசோடு பட்டியலை நீங்களே எழுதுங்கள்

ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ நாலு பத்தி போதும்: எபிசோடின் பெயர், முதலில் ஒளிபரப்பான தேதி, அப்போதைய நீளம், குறிப்பு. பெட்டியின் பின்னட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து இதை எழுதக் கூடாது. அந்தப் பெட்டியைச் சோதிக்கத்தானே பட்டியல்? எதைச் சோதிக்கிறோமோ அதையே அளவுகோலாக வைத்தால் ஒன்றும் தெரியாது.

‘கம்ப்ளீட்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், இருப்பதெல்லாம் என்று பொருள் கொள்ளுங்கள். பிபிசி 1960களில் எடுத்த பல நிகழ்ச்சிகளின் டேப்பை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. டேப் அப்போது விலை அதிகம். ‘டாட்ஸ் ஆர்மி’யின் 80 எபிசோடுகளில் இரண்டாவது சீரிஸைச் சேர்ந்த மூன்று அப்படிப் போனவை. முழுத் தொகுப்பு வாங்கியவர் மூன்று குறைகிறதே என்று விற்றவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் கதைகளிலும் இப்படிப் பெரிய ஓட்டைகள் உண்டு. சில இடங்களில், தப்பிப் பிழைத்த ஒலிப்பதிவுக்கு அனிமேஷன் செய்து சேர்த்திருக்கிறார்கள்.

வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். படம்பிடித்த வரிசை ஒன்று, ஒளிபரப்பான வரிசை இன்னொன்று. 2002இல் வந்த ‘ஃபயர்ஃப்ளை’யை ஒளிபரப்பும்போது முன்பின்னாகக் கலைத்துப் போட்டார்கள்; டிவிடியில்தான் எடுத்தவர்கள் நினைத்த வரிசை வந்தது. ‘த பிரிசனர்’ ரசிகர்கள் சரியான வரிசை எது என்று இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம், பட்டியலில் எந்த வரிசையைப் பின்பற்றியிருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள்.

நீளம் என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் படியில் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

3. ஃபிலிமா, வீடியோ டேப்பா என்று கண்டுபிடியுங்கள்

டிவிடி வாங்குவதா, ப்ளூரே வாங்குவதா என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. உங்கள் டிவியின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

35 மிமீ ஃபிலிமில் எடுத்த தொடரில், ப்ளூரேக்கு வேண்டிய நுணுக்கம் மூலச்சுருளிலேயே இருக்கிறது. 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யை ஃபிலிமில் எடுத்தார்கள், அதனால் எழுபது வருடத்துக்கு மேல் ஆன அந்தத் தொடர், அதற்குப் பின்னால் வந்த எத்தனையோ தொடர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. வீடியோ டேப்பில் எடுத்ததில், டேப்பில் என்ன பதிவானதோ அவ்வளவுதான். அதை ப்ளூரேயில் போட்டால் பெரிதாக்கிய அதே படம் கிடைக்கும்.

‘த ட்விலைட் ஜோன்’ இதற்கு நல்ல பாடம். 1959 முதல் 1964 வரை ஓடிய அந்தத் தொடர் ஃபிலிமில் எடுத்தது. ஆனால் இரண்டாவது சீசனில் செலவைக் குறைப்பதற்காக ஆறு எபிசோடுகளை மட்டும் வீடியோ டேப்பில் எடுத்துப் பார்த்தார்கள். ப்ளூரேயில் மற்றவை பளிச்சென்று இருக்கும், இந்த ஆறும் மங்கலாக இருக்கும். தட்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கலான வகை இருக்கிறது. 1980களின் இறுதியிலிருந்து பல அமெரிக்கத் தொடர்களை ஃபிலிமில் எடுத்து, வெட்டி ஒட்டும் வேலையையும் கிராஃபிக்ஸையும் டேப்பில் முடித்தார்கள். முடிந்த நிகழ்ச்சி டேப்பில் மட்டுமே இருக்கும். ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அப்படித்தான். 2012 முதல் 2014 வரை வந்த அதன் ப்ளூரேக்காக மூல ஃபிலிம் துண்டுகளைத் தேடி எடுத்து, 178 எபிசோடுகளையும் மறுபடி எடிட் செய்தார்கள். இந்த ஒரு தொடருக்கு டிவிடி வைத்திருப்பவர்கள் ப்ளூரேக்கு மாறினால் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும். அதற்கு அடுத்து வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ இரண்டுக்கும் அந்த வேலையைச் செய்யவில்லை. அவற்றுக்கு டிவிடியே போதும்.

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் பெரும்பாலும் அரங்கக் காட்சிகள் டேப், வெளிப்புறக் காட்சிகள் 16 மிமீ ஃபிலிம். ஒரே எபிசோடில் வீட்டுக்குள் ஒரு மாதிரியும் தெருவில் ஒரு மாதிரியும் படம் தெரிவது அதனால்தான். ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ போன்றவற்றுக்கு நல்ல டிவிடி கிடைத்தால் அதோடு நின்றுவிடலாம். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘டாக்டர் ஹூ’வில் 1970இல் வந்த ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ கதையின்போது வேலைநிறுத்தத்தால் அரங்கைப் பயன்படுத்த முடியவில்லை, முழுவதையும் 16 மிமீ ஃபிலிமில் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து ‘டாக்டர் ஹூ’ கதைகளில் உண்மையான எச்டியில் ப்ளூரே வந்தது அது ஒன்றுதான்.

விஎச்எஸ் கேசட்டை, தட்டாக வரவே வராத தொடருக்கு மட்டும் யோசியுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். வெள்ளையாகப் பொடி தெரிகிற கேசட்டைப் பிளேயரில் போட்டால், அது பிளேயரின் தலைக்கும் அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

4. பிளேயரை முதலில் சரிசெய்யுங்கள்

டிவிடிக்கு ரீஜன் எண் உண்டு, அதாவது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று தட்டில் போட்டிருக்கும் பூட்டு. அமெரிக்கா, கனடா 1. பிரிட்டன், ஐரோப்பா, ஜப்பான் 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியா, இலங்கை 5. ப்ளூரேக்கு இது மூன்று எழுத்தாகக் குறைந்துவிட்டது: அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’; பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’; இந்தியா, இலங்கை ‘சி’. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் தேடும் பழைய தொடர்களில் அநேகமாக எதுவுமே 5இலோ ‘சி’யிலோ வெளியாகவில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு சேர்ப்பவர் வெளிநாட்டுத் தட்டைத்தான் வாங்கியாக வேண்டும்.

ஆகவே எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் முதல் தேவை. பல டிவிடி பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினாலே ரீஜன் பூட்டு திறந்துவிடும்; மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். ப்ளூரே பிளேயரில் அது அவ்வளவு சுலபமில்லை. டிவிடிக்கு மட்டும் பூட்டு திறந்து, ப்ளூரேக்குத் திறக்காத பிளேயர்களை ‘மல்டி ரீஜன்’ என்று விற்கிறார்கள். “ப்ளூரே ஏ, பி இரண்டும் ஓடுமா?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிவிடி டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதிலேயே நின்றுவிடும். தட்டைப் போட்டதும் ‘ரீஜனை மாற்றவா?’ என்று கணினி கேட்டால் யோசிக்காமல் சரி கொடுத்துவிடாதீர்கள். வி.எல்.சி போன்ற மென்பொருள் பல டிரைவ்களில் இந்த மாற்றம் இல்லாமலே ஓட்டிவிடும், முதலில் அதை முயன்று பாருங்கள்.

ரீஜன் தவிர இன்னொன்று: என்டிஎஸ்சி (NTSC), பால் (PAL) என்ற இரண்டு வீடியோ முறைகள். அமெரிக்க டிவிடி என்டிஎஸ்சி, பிரிட்டிஷ் டிவிடி பால். இந்தியாவில் விற்கும் பிளேயரும் டிவியும் ஏறக்குறைய எல்லாமே இரண்டையும் ஏற்கும். அமெரிக்காவில், கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்குத்தான் சிக்கல். அங்கே விற்கும் சாதாரணப் பிளேயர்கள் பாலை ஏற்காது. ரீஜன் பூட்டு இல்லாத பிரிட்டிஷ் தட்டு என்று நம்பி வாங்கினாலும் திரையில் ஒன்றும் வராமல் போகலாம்.

5. எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே தொடர் நாலு பெட்டிகளாக வந்திருக்கும், நாலும் ஒன்றாக இருக்காது. என்னைக் கேட்டால் விலையைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பாட்டு. ஒளிபரப்புக்கு வாங்கிய பாட்டு உரிமை, வீட்டு வீடியோவுக்குச் செல்லாது. மறுபடி வாங்கச் செலவாகும் என்று பாட்டையே மாற்றிவிடுவார்கள். ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ ஒரு வானொலி நிலையத்தில் நடக்கும் கதை. அதில் பாட்டை எடுத்தால் கதையின் பாதி உயிர் போய்விடும். 2007இல் வந்த அதன் முதல் சீசன் டிவிடியில் அப்படித்தான் மாற்றினார்கள். 2014இல் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் வெளியிட்ட முழுத் தொகுப்பில் பெரும்பகுதிப் பாடல்களை மீட்டுக் கொடுத்தார்கள். பழைய பெட்டி இப்போது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் புரிகிறதா? ‘த ஒண்டர் இயர்ஸ்’ 2014 வரை முழுமையாக வெளிவராமல் கிடந்ததும் பாட்டு உரிமையால்தான்.

வெட்டு. முதல் ஒளிபரப்புக்குப் பிறகு மற்ற சானல்களுக்கு விற்கும்போது, விளம்பரத்துக்கு இடம் விட எபிசோடைக் குறைப்பார்கள். சில தட்டுகள் அந்தக் குறைத்த பிரதியிலிருந்து எடுத்தவை. 1960களின் ஒரு மணி நேர அமெரிக்கத் தொடரில் எபிசோடு சுமார் 50 நிமிடம் இருக்கும். 1990களில் அது சுமார் 45 ஆகிவிட்டது. 1966ஆம் வருடத் தொடரின் எபிசோடு தட்டில் 45 நிமிடம் என்றால் எங்கேயோ கத்தரி பட்டிருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஃபிலிமில் நொடிக்கு 24 படம், பால் முறையில் 25. அமெரிக்க ஃபிலிம் தொடரைப் பால் டிவிடியாக்கும்போது 4 சதவீதம் வேகமாக ஓடவிடுவார்கள். 50 நிமிட எபிசோடு 48 ஆகும், ஒரு காட்சிகூடப் போயிருக்காது. பட்டியலில் உள்ள நீளத்தை 0.96ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக வந்தால் வெட்டு இல்லை. குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். இசை தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், மற்றவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். முகம் சுளிப்பவர் நீங்கள் என்றால் அமெரிக்கப் பதிப்பையே தேடுங்கள்.

சில சமயம் தட்டு ஒளிபரப்பைவிட நீளமாகவும் இருக்கும். ‘ஃப்ரெண்ட்ஸ்’ அமெரிக்க டிவிடிகளில், ஒளிபரப்பாகாத காட்சிகளையும் சேர்த்திருந்தார்கள். 2012இல் வந்த ப்ளூரேயில் ஒளிபரப்பான வடிவம் மட்டுமே. ப்ளூரே வந்ததும் டிவிடியை விற்றுவிட்டுப் பிறகு திரும்பத் தேடுபவர்கள் இதனால்தான் தேடுகிறார்கள்.

திரை வடிவம். பழைய டிவியின் திரை 4:3. இன்றைய அகலத் திரையை நிரப்ப, மேலும் கீழும் நறுக்கிவிடுகிறார்கள். ‘சைன்ஃபெல்ட்’ 2024 இறுதியில் 4கே தட்டாக வந்தது, ஆனால் 16:9இல். முழுச் சட்டமும் வேண்டுமென்றால் பழைய டிவிடிதான். பின்னட்டையில் 4:3 அல்லது 1.33 என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதைக் குறை என்று எண்ணி ரிமோட்டில் இழுத்து அகலமாக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நடிகர்கள் எல்லாம் குண்டாகிவிடுவார்கள்.

கிராஃபிக்ஸ். பழைய ‘ஸ்டார் ட்ரெக்’குக்குப் பின்னாளில் புதிய விண்வெளிக் காட்சிகள் செய்து சேர்த்தார்கள். ப்ளூரேயில் பழையது, புதியது இரண்டையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அதே சமயத்தில் வந்த ரீமாஸ்டர்டு டிவிடியில் புதியது மட்டும்.

சப்டைட்டில். நமக்கு இது முக்கியம், வடஇங்கிலாந்துப் பேச்சு எல்லோருக்கும் பிடிபடாது. அமெரிக்க டிவிடிகள் பலவற்றில் சப்டைட்டில் இருக்காது, ‘குளோஸ்டு கேப்ஷன்’ மட்டும் இருக்கும். அது பழைய டிவிக்கானது, எச்டிஎம்ஐ கம்பி வழியாக அப்படியே போகாது. மெனுவில் தேடித் தேடி அலுத்துப்போவார்கள். பெட்டியில் ‘சப்டைட்டில்’ என்ற சொல் தனியாக இருந்தால்தான் நம்புங்கள். ப்ளூரேயில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

தட்டுகளின் எண்ணிக்கை. இரண்டடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி கொள்ளும். 50 நிமிட எபிசோடு நாலு என்றால் தாராளம். ஆறு, ஏழு திணித்திருந்தால் வேகமாக நகரும் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடையும். ‘முழுத் தொடரும் மலிவு விலையில்’ என்று வரும் மறுபதிப்புகளில் பழைய பெட்டியைவிடத் தட்டு குறைந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கூடுதல் பேட்டிகளை எடுத்துவிட்டிருப்பார்கள், அது பரவாயில்லை. எபிசோடுகளை நெருக்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

6. இப்போது வாங்குங்கள்

பழைய தொடர்களில் பல பதிப்பு நின்றுபோனவை. கைமாறிய தட்டுதான் கிடைக்கும். அதில் தவறில்லை. விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்னட்டை, எல்லாத் தட்டுகளின் மேல்பக்கமும் ஒரே படத்தில், விளக்கொளியில் அடிப்பக்கம். முதலாவது எந்தப் பதிப்பு என்று சொல்லும். இரண்டாவதுதான் மிக அவசியம். மூன்றாவது சீசன் பெட்டிக்குள் இரண்டாவது சீசனின் தட்டு உட்கார்ந்திருப்பது, ஒரே தட்டு இரண்டு இருப்பது, இதெல்லாம் சர்வசாதாரணம். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று இல்லை, வீட்டில் பிள்ளைகள் மாற்றி வைத்திருப்பார்கள்.

நூலகத்தில் கழித்த பிரதிகள் மலிவாக வரும். தட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். சுற்றும்போது எடை ஒருபக்கமாகும் என்றாலும், உரிக்கிற வேகத்தில் மேல்பூச்சு கூடவே வந்தால் சி.டி.யாக இருந்தால் பதிவே போய்விடும், டிவிடியாக இருந்தால் அச்சுப் போகும்.

அடிப்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டு வெள்ளியாகவோ இளம்பொன்னாகவோ இருக்கும். ஊதா கலந்திருந்தால் டிவிடி ரைட்டரில் எழுதிய தட்டு. எழுதிய தட்டு எல்லாமே கள்ளப்பிரதி ஆகிவிடாது. வார்னர் நிறுவனத்தின் ‘வார்னர் ஆர்கைவ்’ பிரிவு 2009 முதல், கேட்பவர்க்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் முறையில் பழைய தலைப்புகளை முறையாகவே விற்றது. பெட்டியிலேயே அதைச் சொல்லியிருக்கும். எழுதிய தட்டில் சாயப் படலம்தான் பதிவைத் தாங்குகிறது, வெயிலுக்கு அது சீக்கிரம் கெடும்.

கள்ளப்பிரதிக்கு வேறு அடையாளங்கள் உண்டு. திரையின் மூலையில் சானல் சின்னம், மங்கிய அட்டை அச்சு, முறையாக வெளியாகவே வெளியாகாத தொடர் முழுமையாகக் கிடைப்பது. 1966இல் தொடங்கிய ‘பேட்மேன்’ தொடரின் 120 எபிசோடுகள் உரிமைத் தகராறால் 2014 நவம்பரில்தான் தட்டாக வந்தன. அதற்கு முன் தேதியிட்ட ‘முழுத் தொகுப்பு’ ஒன்றை யாராவது நீட்டினால் அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவு, கஸ்டம்ஸ் வரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தட்டின் விலையை இவை தாண்டிவிடுவது உண்டு. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நம் வழக்கம். அதில் ஒரு சங்கடம், அவர்கள் வருவதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். “அண்ணா, பார்சல் வந்ததும் பிரித்து, தட்டுகளை எண்ணி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்” என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காத பெட்டி வேண்டும் என்ற ஆசையை இங்கே விட்டுவிடத்தான் வேண்டும்.

7. வந்த வாரமே எல்லாத் தட்டையும் ஓட்டிப் பாருங்கள்

பெட்டியை அலமாரியில் அழகாக வைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஐந்தாவது தட்டைப் போட்டால் ஓடாது. அப்போது யாரிடம் போவது?

தட்டை எடுக்கும்போது நடுவில் உள்ள பல்லை அழுத்தி விடுவியுங்கள். விளிம்பைப் பிடித்து வளைத்து இழுக்காதீர்கள். டிவிடி என்பது 0.6 மிமீ தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டியது. வளைத்தால் நடுத்துளையைச் சுற்றி விரிசல் விடும், நாளாக ஆக அது வெளிப்பக்கம் நகரும்.

தூசியைத் துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் தடத்தோடு கூடவே ஓடும். பிளேயரின் பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் கீறலை அது பெரும்பாலும் தாண்டிவிடும். ப்ளூரேயில் பதிவு மேற்பரப்பிலிருந்து 0.1 மிமீ ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு இருப்பதால் சுலபத்தில் கீறாது, கீறினால் மெருகேற்றிச் சரிசெய்யவும் முடியாது.

எல்லா எபிசோடையும் முழுதாகப் பார்க்க நேரமில்லையா? சரி, இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கம், முடிவு, அப்புறம் தட்டின் நடுப்பகுதி. நடுப்பகுதியை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டடுக்கு டிவிடியில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாவது அங்கிருந்து உள்ளே திரும்பும். ஆகவே தட்டின் வெளிவிளிம்பு, ஓட்டத்தில் நடுவில் வரும். கெட்டுப்போவது பெரும்பாலும் விளிம்பில்தான் ஆரம்பிக்கிறது. நாலு எபிசோடு உள்ள தட்டானால் இரண்டாவதின் கடைசிப் பத்து நிமிடமும் மூன்றாவதின் முதல் பத்து நிமிடமும் கட்டாயம் ஓட வேண்டும். அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பது அடுக்கு மாறுவதால், பயப்பட வேண்டாம். கட்டம் கட்டமாக உடைந்தாலோ உறைந்து நின்றாலோதான் பிரச்சினை.

கீறலே இல்லாமல் பளபளவென்று இருக்கும் தட்டும் ஓடாமல் போகலாம். ஒட்டுப் பசையோ உள்ளிருக்கும் உலோகப் படலமோ கெட்டிருக்கும். 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில இப்படிக் கெட்டுப்போவதை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. அந்த வருடங்களின் பெட்டி வாங்கினால் சோதனையில் சலுகை காட்டாதீர்கள். கைவசம் இருந்தால் இன்னொரு பிளேயரிலும் போட்டுப் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள், சில சமயம் குற்றவாளி உங்கள் பிளேயரின் லென்ஸாக இருக்கும்.

8. வைக்கும் இடம்

தட்டு எப்போதும் செங்குத்தாக நிற்க வேண்டும், வெயில் படக்கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். அந்துருண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கைப் பாதிக்கும்.

அட்டை மடிப்புப் பெட்டிகளில் தட்டை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகியிருந்தால், தனித்தனிப் பல் உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிட்டு அட்டையைத் தனியாக வையுங்கள். மெல்லிய வினைல் உறை வேண்டாம், நம் வெயிலுக்கு அது தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

9. பட்டியலுக்குத் திரும்புங்கள்

இரண்டாம் படியில் எழுதிய அதே தாளில் இன்னும் மூன்று பத்தி சேருங்கள்: எந்தப் பதிப்பின் எந்தத் தட்டில் அந்த எபிசோடு இருக்கிறது, தட்டில் அதன் நீளம், ஓட்டிப் பார்த்த தேதி. பழைய நீளமும் தட்டின் நீளமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வெட்டுப்பட்ட எபிசோடு தானாகவே கண்ணில் படும். அதற்கு மட்டும் வேறு பதிப்பைத் தேடலாம், முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்த்த தேதி இரண்டு வருடம் தாண்டியவற்றை எடுத்து மறுபடி ஒருமுறை நடுப்பகுதியை மட்டும் ஓட்டுங்கள். இரவல் கொடுத்தால் பெட்டியோடு கொடுக்காமல் ஒரு தட்டாகக் கொடுத்து, வாங்கியவர் பெயரை அந்த வரிசையிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் அழித்துக்கொள்ளலாம்.